மார்கழிக் காலைக்கு ஒரு சூட்டுப் பிடி

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு இப்போது எல்லாம் பெட்டியில் வருகிறது. ஹேண்டில்பாரில் மாட்டும் சூட்டுப் பிடி, நீங்கள் ஹீட்டட் கிரிப் என்கிறீர்களே அதுவும், ஒயரோடு, ஸ்விட்சோடு, எந்தக் கலர் ஒயர் எங்கே போக வேண்டும் என்கிற படத்தோடு வருகிறது. மாட்டிவிடுவீர்கள். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. லடாக் போகிறவர், ஊட்டிக்கு மாற்றலாகிறவர் என்று வாங்க ஆளும் இருக்கிறது. ஆனாலும் ஒரகடத்து வெயிலில் நின்றுகொண்டு அதை மாட்டும்போது "வேர்க்கிற ஊரில் கைக்கு அடுப்பா" என்று உங்களுக்குள் ஒரு சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் சிரித்தவன்தான்.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எனக்கு ஒரு மெக்கானிக் கடை. கடை என்றால் மேலே ஒரு தகரம், கீழே எண்ணெய் ஊறிய மண். ஒரகடம் பக்கம் அப்போது வேர்க்கடலை போட்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. நான் யாரிடமும் படித்து வந்தவன் இல்லை. வண்டியைப் பிரித்தேன், திரும்பச் சேர்த்தேன், மிச்சம் விழுந்த நட்டுக்கு இடம் தேடினேன். அதுதான் என் படிப்பு.

பக்கத்தில் பேட்டரிக் கடை. அதன் சொந்தக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பேட்டரிக்கு ஆசிட் ஊற்றுவதுபோலச் சொட்டுச் சொட்டாகத்தான் பேசுவார். பேசினால் ஒரு பழமொழி விழும். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகன் கோயில் போய் வருவார், வரும்போது அங்கே யார் வாயிலிருந்தாவது புதிதாக ஒன்று பொறுக்கிக்கொண்டு வருவார். தொழிலில் எனக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். நேரில் சொல்லியிருந்தால் ஸ்பானரைத் தூக்கி அடித்திருப்பார்.

கார்த்திகை மழை விட்ட ஒரு மத்தியானம் ஆரோக்கியசாமி வந்தான். பென்னலூர்க்காரன், கல்யாணமாகிக் கைக்குழந்தை ஒன்று. பக்கத்து ஃபவுண்டரியில் வேலை. வார்த்து எடுத்த இரும்புச் சாமானின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கையில் பிடிக்கிற கிரைண்டிங் மிஷினால் தேய்த்து எடுக்க வேண்டும். நாலு வருடமாக டெம்பரரி. பொங்கலுக்குள் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. அவனுடைய ஆறு வோல்ட் மோட்டார் சைக்கிளை எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டுகிறவனின் பல் ஆடும், அப்படி ஓர் அதிர்வு.

வந்தவன் பிரேக்கைப் பார், செயினைப் பார் என்று சொல்லவில்லை. கைப்பிடி இரண்டும் சூடாக வேண்டும் என்றான். எது சூடாக வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன்.

"கைப்புடிண்ணே. கரண்ட் குடுத்து சூடாக்கறது. வெள்ளக்காரன் வண்டில கீது."

சில வாரங்களுக்கு முன்னால் பெங்களூர் போகிற வழியில் ஒரு வெளிநாட்டுக்காரர் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார். எந்தப் பனி தேசத்திலிருந்தோ ஓட்டிக்கொண்டே வந்தவர். வேடிக்கை பார்த்த இவனைக் கூப்பிட்டுப் பிடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாராம். "புடிச்சவன் உடலண்ணே. அவுரு டீ குடிச்சி முடிச்சப்புறம்தான் உட்டேன்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் கோயிலில் பொங்கல் வாங்கித் தின்ற முகமாக இருந்தது.

ஏன், எதற்கு என்று கேட்டதற்கு, விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும்போது கை குளிர்கிறது என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். நம் ஊர்க் குளிர் என்ன குளிர். இரண்டு கையுறை வாங்கிப் போட்டுக்கொள் என்றேன். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று, ஆகவில்லை என்றான். இந்த இடத்தில் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். உறை, உடம்பின் சூட்டைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சூட்டை உண்டாக்காது. உறை போட்டும் ஒருவன் கை குளிர்கிறது என்றால் உள்ளேயே சூடு வரவில்லை என்று அர்த்தம். இப்போது இதை அழகாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குள் ஓடியதெல்லாம், இந்த ஜில்லாவிலேயே இதுவரை யாரும் செய்யாத வேலை நம்மிடம் வந்திருக்கிறது என்கிற குஷிதான்.

பொருள் தேடி மெட்ராஸ் புதுப்பேட்டை போனேன். உலகத்து வண்டி எல்லாம் பிரிந்து கிடக்கிற இடம். ஒரு கடைக்காரர் நான் கேட்டதை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டு, "கைய ஜில்லுன்னு வெக்கிறதுக்கு எதுனா இருந்தா எனக்கே ஒண்ணு வேணும், போப்பா" என்றார். சரி, நாமே செய்துகொள்வோம் என்று திரும்பி வந்தேன். கரண்ட் அடுப்பில் போடும் சுருள் கம்பியில் மெலிந்ததாக ஒன்றைப் பிடித்தேன்.

பேட்டரிக்காரர் கம்பியையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். "சட்டியில கீறதுதாண்டா அகப்பைல வரும்" என்றார். அவர் சொன்னது சரி. அந்த வண்டியில் ஹெட்லைட் எரிந்தால் ஹாரன் அழும். இதில் பிடிக்கும் கரண்ட் கொடுத்தால் இருட்டில் பாதை தெரியாது. கை சூடாக இருந்து கண் தெரியாமல் போனால் என்ன பிரயோஜனம். அதனால் பிடிக்குத் தனியாக ஒரு பேட்டரி, தனியாக ஒரு ஃபியூஸ், கூட்டிக் குறைக்க ஒரு திருகு என்று முடிவாயிற்று. வலது பிடி ஆக்சிலேட்டர், முறுக்கும்போது ஒயர் அறுந்து போகாமல் தொளதொளவென்று ஒரு சுற்று விட வேண்டும். இடது பிடி நேராக இரும்புக் குழாயின் மேல் உட்காருவதால் சூட்டை எல்லாம் குழாயே குடித்துவிடும், அதற்கு அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்ற வேண்டும். இதெல்லாம் உங்கள் பெட்டிக்குள்ளேயே யோசித்து வைத்திருக்கிறார்கள், விடுங்கள்.

மாட்டியாயிற்று. எப்படிச் சோதிப்பது? விடியற்காலை அவன் ஷிஃப்டில் இருப்பான். நான் கடை திறக்கும்போது வெயில் ஏறிவிடும், அந்த வெயிலில் வெறும் ஹேண்டில்பாரே சுடும். ஐஸ் கம்பெனிக்குத் தள்ளிக்கொண்டு போ என்று பேட்டரிக்காரர் கிண்டலாகச் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. மறுநாள் சாயந்திரம் ஆரோக்கியசாமி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மூன்று பேருமாக ஸ்ரீபெரும்புதூர் ஐஸ் கம்பெனிக்கு வண்டியைக் கொண்டுபோனோம். கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் பாய் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னா நைனா, வண்டிக்கு ஜொரமா? ஒத்தடம் குடுக்க இட்டாந்துட்டே."

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் குஷி வந்துவிட்டது. ஐஸ் கட்டி அடுக்கும் அறையில் இரண்டு வரிசையை நகர்த்தி இடம் செய்துகொடுத்தார். எஞ்சினைப் போடாமல் பேட்டரியை மட்டும் வைத்து, ஆரோக்கியசாமியை வண்டியில் ஏற்றி உட்காரவைத்தேன். கை நன்றாகக் குளிரட்டும் என்று எல்லோரும் நின்றோம். பாய் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் என் கை சிவந்தது. பாய் கையும் சிவந்தது. ஆரோக்கியசாமியின் விரல்கள் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரைக்கும் வெள்ளையாகிக்கொண்டே வந்தன. கோடு கிழித்த மாதிரி அந்தக் கணுவில் வந்து நின்றது வெள்ளை. சர்ச்சில் ஏற்றும் மெழுகுவர்த்தியை ஐந்தாக ஒடித்துக் கையில் நட்டதுபோல இருந்தது. குளிருக்கு அப்படி ஆகிறது என்று நினைத்து, முதலில் வலது பிடிக்கு மட்டும் ஸ்விட்சைப் போட்டேன்.

சூடு வருகிறதா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றான். திருகைக் கூட்டினேன். இப்போது? வந்த மாதிரி இருக்கிறது, இல்லை, வரவில்லை என்றான். எனக்கு ரோஷம். கம்பி போட்டது நான், ஒயர் இழுத்தது நான், வராமல் எங்கே போகும். முழுக்கத் திருகினேன். அப்போதும் இல்லை என்றான். ரப்பர் வாசனை வந்தது. பேட்டரிக்காரர் மூக்கைச் சுளித்தபடி அவன் கைக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த பிடியில் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"கைய எட்றா."

அவன் நிதானமாக எடுத்தான், என்னவோ நாங்கள் வேறு வேலைக்கு எடுக்கச் சொன்னதுபோல. விரல்களின் உட்பக்கம் செக்கச் செவேலென்று வெந்து, ஓர் இடத்தில் தோல் உப்பியிருந்தது. அதை அவன் பார்த்தான். பிறத்தியார் கையைப் பார்க்கிறமாதிரி பார்த்தான்.

பாய் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். ஃபியூஸ் போய்விட்டது பாய், வெளியே கொண்டுபோய்ப் பார்க்கிறோம் என்று சொல்லி வண்டியைத் தள்ளினேன். பொய்தான். அந்த ஃபவுண்டரி கேன்டீனுக்கு ஐஸ் போவதும் அங்கிருந்துதான். நம் பக்கத்தில் பேச்சு பஸ்ஸைவிட முன்னால் போய்ச் சேரும். என்ன நடக்கிறது என்று எனக்கே புரியாத விஷயம் அடுத்தவர் வாய்க்குப் போக வேண்டாம் என்று மட்டும் அந்த நேரத்தில் தோன்றியது. இத்தனை வருடத் தொழிலில் யோசிக்காமல் செய்து சரியாக வந்த காரியங்களில் அது ஒன்று.

வெளியே சுவரோரம் சாயந்திர வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவனை அங்கே உட்காரவைத்தோம். வெளுத்த விரல்கள் நீலமாகி, பிறகு சிவந்தன. அப்போதுதான் அவனுக்கு வலி தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். பேட்டரிக்காரர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, மற்ற கையின் விரல்நுனியில் ஒரு நட்டை வைத்து இது என்ன என்று கேட்டார். பத்து பைசா என்றான். வாஷரை வைத்தார். அதுவும் பத்து பைசா என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் சொன்னான். ஒரு வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. முதலில் நுனி மட்டும் மரத்தது, பிறகு ஏறிக்கொண்டே வந்தது. கிரைண்டிங் செக்ஷனில் பாதிப் பேருக்கு உண்டு. "கை தூங்குது" என்பார்களாம். இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி மிஷினைப் பிடிப்பார்களாம். வெளியே சொன்னால் கை ஆகாத ஆள் என்று பெயர் வந்துவிடும். டெம்பரரியை நிறுத்த ஒரு காரணம் போதாதா. அதனால் பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை.

"பொங்க வரிக்கும் ஓட்டிட்டா போதும்ண்ணே. மெடிக்கல்ல கண்ணு பாப்பாங்க, மாரு பாப்பாங்க. வெரல எவன் பாக்கறான். நீ மாட்டி மட்டும் குடு. எம்மா சூடானாலும் தாங்கிக்குவேன்."

எம்மா சூடானாலும் தாங்கிக்குவேன். அதுதானே பயம்.

தம்பிகளே, இப்படி ஒரு நிலைமை உங்களுக்கும் வரும், சாமான் வேறாக இருக்கும். மாட்ட முடியாது என்று நான் சொன்னால் அவன் வேறு கடைக்குப் போவான், அங்கே இன்னும் தடிமனாகக் கம்பி போடுவார்கள். கேட்டபடி மாட்டிக் கொடுத்தால் ஒரு விடியற்காலை அவன் கை வெந்துபோகும், அவனுக்குத் தெரியவே தெரியாது. ஃபவுண்டரியில் போய்ச் சொன்னால் நாலு வருட உழைப்பு என் வாயால் போகும். எதைத் தொட்டாலும் சுடுகிறது. நான் பேட்டரிக்காரர் முகத்தைப் பார்த்தேன்.

"நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாரு" என்றார். அதற்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை.

எனக்குப் புரிந்தது. வைத்தியரிடமும் போ, மந்திரிக்கிறவரிடமும் போ, ஒன்றுக்காக இன்னொன்றை விடாதே என்பார்கள் நம் பக்கத்தில். பிடியை மாட்டித் தருகிறேன் என்றேன். இரண்டு நிபந்தனை. டாக்டரிடம் கையைக் காட்ட வேண்டும். சூடு எவ்வளவு என்பதை அவன் சொல்லக்கூடாது, வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டும். இரண்டாவதுக்குத்தான் ரொம்ப நேரம் யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேரியை அழைத்து வந்தான். இடுப்பில் குழந்தை. கட்டுப் போட்டிருந்த அவன் கைக்கு மிஷினில் பட்டுவிட்டது என்று வீட்டில் ஏதோ கதை சொல்லியிருக்கிறான். பிடியைத் தொட்டுப் பார், எது உனக்குப் பதமான சூடோ அங்கே நிறுத்தச் சொல்லம்மா என்றேன். அவள் மணிக்கட்டின் உட்பக்கத்தைப் பிடியில் வைத்தாள், குழந்தைக்கு ஊற்றும் தண்ணீரைப் பார்ப்பதுபோல. கொஞ்சம் கூட்டச் சொன்னாள், கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். போதும், இதுதான் பதம் என்றாள். பிறகு, ஓட்டுகிறவரை விட்டுவிட்டு என் கையில் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

நான் அவனைப் பார்த்தேன். அது அவன் சொல்ல வேண்டியது. அவனோ வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவளாகவே விஷயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"அன்னிக்கி கொயந்தைக்கு தண்ணி எடுத்து ஊத்துயான்னு சொன்னேன். கைய உட்டுப் பாத்துட்டு பதமாத்தான் கீதுன்னு சொன்ன. கொதிக்கிற தண்ணி அது. நான் தொட்டுப் பாக்காம இருந்தா இன்னா ஆயிருக்கும்?" குரலை உயர்த்தவில்லை. "நீ அலட்சியமா சொன்னேன்னு ரெண்டு நாளு உங்கூட பேசாம இருந்தேன். அப்ப கூட சொல்லலியேயா."

அன்று அவன் வண்டி எடுக்கவில்லை. பஸ் பிடித்து இருவரும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா கையைத் தொடும் முன்பே என்ன வேலை என்றுதான் கேட்டாராம். மிஷினின் அதிர்வுதான் காரணம், இப்போதே விட்டால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் திரும்பிவிடும், இழுத்துக்கொண்டே போனால் பிறகு விட்டாலும் திரும்பாது என்றாராம். வேலை பர்மனென்ட் ஆவதற்குள் இது பர்மனென்ட் ஆகிவிடும் என்று சொன்னாராம். அதைக் கேட்ட பேட்டரிக்காரர் வண்டியைக் காட்டி, "உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும்" என்றார். உள்ளே மிஷின் அதிர்வு, போக வர இந்த வண்டி அதிர்வு. அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. எஞ்சினைத் தாங்கும் இடங்களில் புது ரப்பர் போட்டேன், ஹேண்டில்பார் உட்காரும் இடத்திலும் ரப்பர் கொடுத்தேன். மேரி சொன்ன பதத்தில் கரண்ட்டை நிறுத்திக் கட்டிவிட்டு, கூட்டிக் குறைக்கும் திருகைக் கழற்றி என் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அவன் கேட்டது சூட்டுப் பிடி. அவன் வண்டிக்கு வேண்டியிருந்தது அந்த நாலு ரப்பர்.

ஆரோக்கியசாமி தானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். சொன்ன வாரம், மார்கழி பிறந்த பிறகு, அவனுடைய வண்டி சார்ஜ் போட என் கடையில் நின்றபோது, உறை போட்ட கையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கிச் சட்டை, மீசை, சிரிக்காத முகம்.

"எங்க ஆளுங்களுக்கு வியாதி கண்டுபுடிக்கிற ஆஸ்பத்திரி இதானா?"

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். பேட்டரிக்காரர் அவருடைய கடையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் சும்மா நின்றார். வந்தவர் அந்தப் பிடியைக் காட்டச் சொன்னார். ஸ்விட்சைப் போட்டேன். ஒரு உறையைக் கழற்றினார், பிறகு இன்னொன்றை. இரண்டு கைகளிலும் விரல்கள் கடைசிக் கணு வரைக்கும் வெளுத்திருந்தன. பிடிகளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

"நானும் அந்த மிஷின புடிச்சவந்தான்" என்றார். "சூப்பர்வைசர் ஆவற வரிக்கும்."

ஆரோக்கியசாமிக்குச் சரியாகிவிடுமா என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எனக்கு என்று கேட்டார். எனக்கு வண்டி பற்றித்தான் தெரியும் சார் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

அவனை டெஸ்பாட்ச் செக்ஷனுக்கு மாற்றினார். அங்கே ஓ.டி. கிடையாது, பொங்கலுக்கு வர வேண்டிய பர்மனென்டும் தள்ளிப்போய் ஆடியில்தான் வந்தது. வீட்டில் கஷ்டம்தான், இல்லை என்று எழுத மாட்டேன். கிரைண்டிங்கில் ஒரே ஆள் நாள் முழுக்க மிஷினைப் பிடிக்காமல் அரை ஷிஃப்டுக்கு ஆள் மாற்றும் வழக்கத்தையும் அந்த மனிதரே கொண்டுவந்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த மார்கழி முழுக்க அக்குளில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக என் கடைக்கு வந்தார்கள், சூட்டுப் பிடி வேண்டும் என்று. ஒருத்தரைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன், அப்புறம் வண்டியைப் பார்த்தேன்.

உங்களிடம் ஒருவர் விசித்திரமாக ஒன்று கேட்டால் கேட்லாக்கைப் புரட்டும் முன்னால் ஆளைப் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறவருக்குப் பின்னால் பெரும்பாலும் சொல்ல முடியாத ஒரு காரணம் நிற்கும். நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். மிச்சம் ஒரு சாயந்திரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் மார்கழியில் ஆரோக்கியசாமி வந்து பிடியைக் கழற்றச் சொன்னான். ரிப்பேரா என்றேன். இல்லை, விரல் இப்போது வெளுப்பதில்லை, தேவைப்படவில்லை என்றான். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றப் போனேன். வேண்டாம் என்று சாலையைக் காட்டினான். சூப்பர்வைசர் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மாட்டிவிடச் சொன்னான்.

மாட்டினேன். திருகை டப்பாவிலிருந்து எடுத்து மறுபடி போட்டு ஸ்விட்சைத் தட்டிவிட்டு, எவ்வளவு வைக்கட்டும் சார் என்று பழக்கத்தில் அவரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்று வழிவிட்டார். ஆரோக்கியசாமி முன்னால் வந்து பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் மெதுவாகத் திருகினேன்.

"போதும்ண்ணே" என்றான். "இதுக்கு மேல சுடும்."